வெள்ளைக் குடையும் செவ்வாய்க்கிழமை மண்ணும்

மண் அளக்கக் கிளம்புகிற தம்பிகளே, தங்கச்சிகளே! மெசினை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் கல்லூரியில் மண் படித்தவனும் இல்லை. குழி வெட்ட வந்து, படித்தவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கி, கடைசியில் படித்தவர்களுக்கே வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் குனிந்து மண்ணைப் பார்க்கிற நேரத்தில், நிமிர்ந்து நின்று உங்களைப் பார்க்கிற ஊர் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து மண் வரைபடம் போடுகிற வேலை அது. ஒவ்வொரு மண்ணையும் மூட்டை கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மருந்து ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் ஆயுள் போதாது. அதனால் மண் மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற மெசினைக் கொடுத்திருந்தார்கள். பார்க்க மாவு சலிக்கிற யந்திரத்துக்கும் துப்பாக்கிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். ஒளி பட்டதும் திரையில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து வரும். அந்த மேடு பள்ளத்தில்தான் சுண்ணாம்பு, களி, கரிமச் சத்து எல்லாமே.

இதை ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தனித் திறமை வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பெரியவர், "மண்ணுக்கு ஈசிஜி எடுக்கறாங்கடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அரியலூர்ப் பக்கம் போனாலோ முதல் கேள்வியே வேறு. "சிமென்ட்டுக்கா?" என்பார்கள். இல்லை என்றால், "நல்லது. சுண்ணாம்பு தெரிஞ்சா வெளிய சொல்லிப்புடாதீங்க, கம்பெனிக்காரன் நெலத்தக் கேட்டு வந்துருவான்" என்பார்கள். இன்னொருவர், "எம் மண்ண இதுவரைக்கும் ஒருத்தன் டார்ச் அடிச்சுப் பாத்ததில்ல சார், அதான் இப்புடி இளைச்சுக் கெடக்கு" என்றார். மனிதர்கள் பேசுவதைக் கேட்கவே இந்த வேலைக்கு இன்னொரு முறை வரலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மெசின் நாளாக நாளாக நம்மை ஏமாற்றாமல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். ஒரே ஓர் இடத்தைப் பொறுக்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை அங்கே போய் அதே மண்ணை அளப்பது. மண் அப்படியே இருக்கும். எனவே கோடும் அப்படியே வர வேண்டும். வரவில்லை என்றால் மெசினில் கோளாறு. அந்த இடத்துக்கு எங்களுக்குள் 'சாட்சி மண்' என்று பெயர். கீழப்பழுவூரைத் தாண்டி விக்கிரமங்கலம் போகிற பக்கம், அஞ்சலை என்ற அம்மாவின் கரிசல் காட்டில், வரப்போரம் வெள்ளாமை வைக்காத ஒரு துண்டு. "தாராளமா அளந்துக்கங்க, அது சும்மா கெடக்கற எடம்தான்" என்று அந்த அம்மா சந்தோஷமாகக் கொடுத்தார்.

அளப்பவள் பூங்கொடி. திருமழபாடிப் பெண். ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள், அவர்கள் வீட்டில் முதல் மாதச் சம்பளம் அவளுடையதுதான். அவள் கை இருக்கிறதே, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மெசினை மண்ணில் வைப்பாள். வண்டி ஓட்டுவது பஷீர். வண்டி நின்றதும் குடை பிடிப்பதும் பஷீர். மேற்பார்வை என்ற பெயரில் நான்.

சில மாதம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் சாட்சி மண்ணின் கோடு நகரத் தொடங்கியது. முதலில் பூனை நடை. பிறகு குதிரை ஓட்டம். கரிமச் சத்து ஏறுகிறது, வேறு எங்கெங்கோ புதுப் பள்ளங்கள் விழுகின்றன. கண்ணுக்கோ எந்த மாற்றமும் தெரியவில்லை. கரிசல் அப்படித்தான், எதைக் குடித்தாலும் முகத்தில் காட்டாது.

மெசினைக் கழுவித் துடைத்து ஆபீசில் வைத்துப் பார்த்தோம். முதல் நாளே அங்கிருந்து எடுத்துப் பாட்டிலில் பத்திரப்படுத்தியிருந்த மண்ணை அளந்தால் கோடு கச்சிதமாக வந்தது. கிளம்பி அஞ்சலை அம்மா காட்டுக்குப் போனால் மறுபடியும் தாண்டவம். ஆபீசுக்குத் திரும்பி இதைச் சென்னையிலிருந்த எங்கள் மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"மெசின் உள்ள நல்லா இருக்கு, வெளிய போனா கெடுது. அப்ப மெசின்ல கோளாறு இல்ல, புடிக்கிற கையிலதான் கோளாறு. அடுத்த செவ்வாய்க்கிழமை நானே வந்து பாக்கறேன். அந்தப் பொண்ணு கை சரியில்லன்னா ஆள மாத்திரலாம். இவ்வளவு நாள் அந்தக் கை அளந்தது எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

பூங்கொடி பக்கத்தில்தான் நின்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு புறங்கையைப் பார்த்தாள்.

"சார், என் கைக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல பாப்பா."

"கம்ப்யூட்டர்லதான கோடு இருக்கு?" என்றார் பஷீர். "கொஞ்சம் இழுத்து மொதக் கோட்டு மேல ஒட்ட வச்சிட்டா யாருக்குத் தெரியும்? இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாயிடும்."

"இதுக்கெல்லாம் அல்லாவக் கூப்புடாதீங்க பாய்" என்றாள் பூங்கொடி. "கோட்ட இழுத்தா அப்பறம் ரெண்டு மாவட்டத்தையும் இழுக்கணும்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி நெருக்கடி வரும்போது நாமெல்லாம் ஒன்று மெசினைச் சந்தேகப்படுவோம், அல்லது மனிதனைச் சந்தேகப்படுவோம். மண்ணைச் சந்தேகப்பட மாட்டோம். ஏனென்றால் அதுதான் சாட்சி என்று நாமே பேர் வைத்துவிட்டோம். எனக்கு அன்று தோன்றியது இதுதான்: நாம் செவ்வாய்க்கிழமை மட்டும் போகிறோம். மற்ற நாளில் இந்தச் சாட்சி எங்கே போகிறது, யாரோடு பேசுகிறது? யாராவது ஆட்டுக்கிடை போடுகிறார்களோ? வண்டியைக் கழுவுகிறார்களோ? வெள்ளிக்கிழமை காலையிலேயே, சொல்லாமல் கொள்ளாமல், மூன்று பேரும் கிளம்பினோம்.

ஆடு எதுவும் இல்லை. கூட்டம் இருந்தது.

எங்கள் சாட்சி மண்ணுக்கு முன்னால் மூன்று கல் அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள். யாரோ செல்போனைச் சொம்புக்குள் போட்டு அம்மன் பாட்டு வைத்திருந்தார்கள், சத்தம் கணீரென்று வந்தது. நாங்கள் அடையாளத்துக்கு நட்டிருந்த கல்லுக்கு எலுமிச்சை மாலை. அஞ்சலை அம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைப் பக்தியோடு மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பூசாரியம்மா! இன்னிக்கி வெள்ளிக்கிழமையாச்சே, செவ்வாதான உங்க மொறை?"

பூங்கொடி திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் பஷீர்தான் நின்றார்.

"என்னக்கா இது?" என்று கேட்டேன்.

"என்னன்னா கேக்கறீங்க? நீங்க வச்ச சாமிதான்."

"நாங்க சாமி எதும் வைக்கலயே!"

அஞ்சலை அம்மா குடத்தைக் கீழே வைத்தார். வக்கீல் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கல்லு நட்டது யாரு?"

"நாங்க. எடம் தெரியணுமேன்னு."

"மஞ்ச பூசுனது?"

"அது மஞ்ச இல்லக்கா, பெயின்ட்டு. ஆபீசுல அந்தக் கலர்தான் மிச்சம் இருந்துச்சு."

"தவறாம செவ்வாக்கெழமை வந்தது?"

"அன்னிக்கிதான் வண்டி கெடைக்கும்."

"செருப்பக் கழட்டிட்டு வந்தது?"

"வேற காட்டு மண்ணு ஒட்டிக்கிட்டு வந்துடக் கூடாதுன்னு..."

"வெள்ளக் கொடை?"

குடை விஷயத்தில் தப்பு என் மேல்தான். கலர்க் குடை பிடித்தால் அதன் சாயம் அளவில் விழும் என்று பெரிய வெள்ளைக் குடையாக வாங்கச் சொல்லியிருந்தேன். பெரம்பலூர்க் கடையில் அந்த அளவில் இருந்தது சாமி புறப்பாட்டுக்கு விற்கிற குடைதான். சுற்றிலும் குஞ்சம் தொங்கும். குஞ்சத்தை வெட்டிவிடலாம் என்று நினைத்து, அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மா விடுவதாக இல்லை. "இந்தப் பாப்பா மொதல்ல வெள்ளையா ஒரு வட்டத் தட்ட வைக்கிது. அப்பறம் மண்டி போடுது. தலைக்குக் கறுப்புத் துணியப் போத்திக்கிது. உள்ளேருந்து என்னமோ ஆயிரத்துச் சொச்சம், ஆயிரத்துச் சொச்சம்னு ஓதுது. கொடை புடிக்கிற பாய் ஒவ்வொண்ணுக்கும் 'சரி, சரி'ங்கறாரு. இதுக்கு மேல சாமிய எப்புடிக் கும்புடுறது, நீங்களே சொல்லுங்க!"

வெள்ளைத் தட்டு மெசினுக்கு வெள்ளை எது என்று காட்டுவதற்கு. கறுப்புத் துணி வெயில் புகாமல் இருப்பதற்கு. வெளியே வெளிச்சத்தில் திரை தெரியாததால் அவள் துணிக்குள்ளிருந்தே எண்களைப் படிப்பாள், பஷீர் குறித்துக்கொண்டு சரி சொல்வார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, நானே அங்கே வந்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன்.

"மதம் பாக்காம பாயே வந்து கொடை புடிக்கிறாரேன்னு ஊரே பெருமையாப் பேசுது" என்றார் ஒரு பெண்.

"யா அல்லாஹ்! நான் வண்டி ஓட்ட வந்தவன்க்கா. என்ன எதுலயும் கோத்துவிடாதீங்க."

"ஆனா அக்கா, இது மெசினுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"மெசினுன்னு தெரியாமலா? நானும் டிவி பாக்கறவதான். ஆனா ஒரு மெசினுக்கே இம்புட்டு மருவாதின்னா, அதுக்குக் கீழ என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்? நீங்க கல்லு நட்ட மறுவாரமே எம் மாடு கெடேரிக் கன்னு போட்டுது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

நான் கெடேரிக் கன்றுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பூங்கொடி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த எடத்துல என்னென்ன ஊத்துவீங்க?"

"பாலு ஊத்துவோம். மஞ்சத்தண்ணி. எளநி. பொங்க வடிச்ச கஞ்சி. துன்னூறு கரைச்சு ஒரு சொம்பு. செவ்வாக்கெழமை நீங்க வர்ற அன்னிக்கி மட்டும் விடிகாலையில பூவு, பழமெல்லாம் எடுத்துட்டு நல்லா கூட்டிக் கொத்தி விட்டுருவேன். பெரியவங்க வர்ற எடம் சுத்தமா இருக்கணும்ல?"

பூங்கொடியின் கண் விரிந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விரலை மடக்கினாள். "பாலு... அந்த மேடு! மஞ்சத்தண்ணி... அந்தப் பள்ளம்! துன்னூறு! சார், துன்னூறு சார்! என் கைக்கு ஒண்ணுமில்ல சார்!" என்று கத்தியபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தாள். பின்னல் அவிழ்ந்து முடி விரிந்தது. ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள்.

"பூசாரியம்மாவுக்கு அருள் வந்துட்டு! ஏ, வேப்பிலைய எடு!"

கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒருத்தி காலில் விழுந்து, "ஆத்தா, எம் மவளுக்கு எப்பத்தா கல்யாணம் ஆவும்?" என்று கேட்டாள். பூங்கொடி இருந்த சந்தோஷத்தில், "ஆவும்க்கா, ஆவும்! எல்லாம் ஆவும்!" என்று அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். கிணற்றில் தண்ணீர் வருமா என்று இன்னொருத்தி கேட்பதற்குள் நான் இடையில் புகுந்து பூங்கொடியை வெளியே இழுத்து வந்தேன். பொங்கல் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். பஷீர் மட்டும், "எனக்குச் சுகருக்கா" என்று தப்பித்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் பஷீர் தன் அடுத்த யோசனையை அவிழ்த்தார். "இப்ப சுளுவா முடிச்சிரலாம். கல்ல நாலடி தள்ளி நட்ருவோம். அங்க பாலும் இல்ல, மஞ்சளும் இல்ல. செவ்வாக்கெழமை அதிகாரி வருவாரு, கோடு நேரா வரும், போயிடுவாரு. இந்தக் கதைய எதுக்கு அவருகிட்ட சொல்லணும்? மானம் போவும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. சாமி குடையை வாங்கியவன் நான்தானே. ஆனால் பூங்கொடி தலையை ஆட்டினாள்.

"வேணாம் சார். கல்ல நகத்திட்டா, அதிகாரி வந்து நின்னதும் கை சரியாயிட்டுன்னுதான் நெனைப்பாரு. அதுவரைக்கும் அளந்ததெல்லாம் தப்புன்னே ஆயிடும். சாமி அங்கயே இருக்கட்டும். அவரே வந்து அவரு கையால அளக்கட்டும்."

அவளுக்கு அன்று என்னைவிடத் தெளிவு இருந்தது. நாம் பிரச்சினை எப்படித் தீரும் என்று பார்ப்போம். அது யார் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தீர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் அதிகாரியிடம் போனில், "வாங்க சார், நேர்ல பாத்தா உங்களுக்கே வெளங்கிடும்" என்று மட்டும் சொன்னேன். அஞ்சலை அம்மாவிடம் போய், "எங்க பெரிய அதிகாரி வர்றாரு, அவருகிட்ட எதையும் மறைக்க வேணாம்" என்றேன். "மறைக்க நாங்க என்ன திருடவா செஞ்சோம்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கிற ஷூ. வரப்பில் கால் வைத்ததும் அஞ்சலை அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"சார் யாரா இருந்தாலும் செருப்பக் கழட்டிட்டு வாங்க."

"இது சர்வே பண்ற இடம்மா."

"அதான் கழட்டச் சொல்றேன். இவங்க எல்லாரும் கழட்டிட்டுத்தான வர்றாங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் என் வெறுங்காலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். அந்தக் கரிசலில் நெருஞ்சி அதிகம். ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி, அவர் கல்லை நோக்கி வந்து சேர்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண், "ஆடிக்கிட்டே வர்றாரு பாரேன்" என்றாள். வந்து நின்றதும் நெற்றியில் திருநீறு பூசினார்கள். அவர் "அம்மா, நான்" என்று வாயைத் திறந்தபோது வாயில் கொஞ்சம் பொங்கல் போய்விட்டது.

நான் நடந்ததைச் சொன்னேன். குடை, கல், கறுப்புத் துணி, பால், மஞ்சள் தண்ணீர், ஒன்று விடாமல். அவர் முகம் கரிசல் மாதிரியே இருந்தது, ஒன்றும் காட்டவில்லை.

"இதெல்லாம் கதை" என்றார் கடைசியில். "அளந்து காட்டட்டும்."

பூங்கொடி மெசினை அவரிடம் நீட்டினாள். "நீங்களே அளங்க சார். என் கை இதுல படவே வேணாம்."

அவர் மண்டி போட்டார். பஷீர் குடை பிடித்தார். பூங்கொடி கறுப்புத் துணியை அவர் தலைக்கு மேல் போர்த்தினாள். அஞ்சலை அம்மா பக்கத்தில் நின்றவளிடம், "இவருதான் தலைமப் பூசாரி போலருக்கு" என்று சொன்னது துணிக்குள்ளேயும் கேட்டிருக்கும்.

திரையில் கோடு வந்தது. போன வாரம் பூங்கொடி எடுத்த கோட்டை அதன் மேல் வைத்துக் காட்டினாள். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம், அப்படியே ஒட்டிக்கொண்டது. அதிகாரி துணிக்குள்ளிருந்து தலையை நீட்டித் தன் கையைப் பார்த்தார். பூங்கொடி அன்று ஆபீசில் பார்த்தது போலவே, உள்ளங்கை, அப்புறம் புறங்கை.

"இப்ப இங்க அளங்க சார்" என்று நாலடி தள்ளிக் காட்டினாள். யாரும் எதுவும் ஊற்றாத மண். அவர் அளந்தார். சில மாதம் முன்பு முதன்முதலாக அவள் எடுத்த கோட்டின் மேலேயே புதுக் கோடு போய் உட்கார்ந்தது. நம்பாமல் இன்னொரு பக்கம் தள்ளிப்போய் அளந்தார். அங்கேயும் அதே கோடு.

மண்டி போட்டபடியே மூன்று கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறார் என்று யாரும் தொந்தரவு செய்யவில்லை. பிறகு எழுந்து என்னிடம், "அந்தப் பொண்ணு அளந்தது எல்லாமே இருக்கட்டும். எதையும் திருப்பி எடுக்க வேண்டாம்" என்றார். பூங்கொடி பக்கம் திரும்பி, "உங்க கை நல்ல கைம்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, இன்னொருத்தி ஊட்டிவிட்ட பொங்கல் வேறு வாயில்.

அப்போதுதான் அஞ்சலை அம்மா முன்னால் வந்தார்.

"எல்லாம் பாத்துட்டீங்க. சரி, நம்ம சாமி மண்ணுல மெசினு என்ன சொல்லுது?"

"சத்து நல்லா ஏறியிருக்குக்கா" என்றாள் பூங்கொடி. "உங்க காட்டுலயே இப்ப இந்தத் துண்டுதான் மொதல்ல நிக்கிது."

"அப்ப இங்க கத்திரி வச்சா வருமா?"

"ஜோரா வரும்."

அஞ்சலை அம்மா கல்லைப் பார்த்தார். காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாங்க, கடப்பாரைய எடுங்க! சாமிய வடக்கு மூலைக்கி மாத்திருவோம். அங்க களரு பூத்து ஒண்ணும் மொளைக்காமக் கெடக்கு. ஒரு வருசம் அங்க பாலு, கஞ்சி ஊத்துனா அதும் தேறிடும். அப்பறம் மேக்கால போவலாம்."

எங்கள் அதிகாரி பதறிவிட்டார். "அம்மா, சாமிய இப்படி இஷ்டத்துக்கு நகத்தலாமா?"

"நட்டது நீங்கதான சார்? நீங்களே உத்தரவு குடுங்க."

இவ்வளவு பெரிய வேலையில் எத்தனையோ உத்தரவு போட்டவர். அன்று வெறுங்காலோடு, நெற்றி நிறையத் திருநீறோடு நின்று, "சரி, நகத்துங்க" என்றார். உடனே விரலை நீட்டி, "ஆனா இனிமே எங்க ஆபீஸ் ஆளுங்க யாரும் அந்தக் கல்லுகிட்ட அளக்க வர மாட்டாங்க" என்று கறாராகவும் சொன்னார்.

"நீங்கள்லாம் எதுக்கு சார் அலையணும்?" என்றார் அஞ்சலை அம்மா. "எங்க பூசாரியம்மாவ மட்டும் வேலைய விட்டு எடுத்துறாதீங்க. சத்து ஏறுதான்னு அது வந்து பாத்துச் சொன்னா போதும்."

அதிகாரி பூங்கொடியைப் பார்த்தார். பூங்கொடி மெசினைப் பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வரப்பில் உட்கார்ந்து, காலிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.